மீச்சிறு பொது மடங்கு: பெயரே வழி சொல்லும்

8, 12 ஆகிய இரண்டு எண்களின் மீச்சிறு பொது மடங்கு என்ன என்று படிவம் ஒன்றில் பயிலும் மாணவர்கள் சிலரிடம் கேட்டுப் பாருங்கள். 24 என்று சரியாகச் சொல்பவர்கள் இருப்பார்கள். 96 என்பவர்கள் இருப்பார்கள். கொஞ்சமும் தயங்காமல் 4 என்பவர்களும் இருப்பார்கள். இந்த மூன்றாவது விடைதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. 4 என்று சொல்லும் மாணவருக்குக் கணக்கு வராது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இரண்டு எண்களையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண் 4 என்பதை அவர் மனக்கணக்காகவே கண்டுபிடித்துவிட்டார். கேட்கப்பட்டது வேறு. 'மீச்சிறு' என்ற முதல் சொல் காதில் விழுந்ததும், சிறிய எண் ஒன்றைத் தேடிப் போய்விட்டார்.

குழப்பத்திற்குக் காரணம் இருக்கிறது. மீச்சிறு பொது மடங்கு என்பது பெரும்பாலும் பெரிய எண்ணாக வரும். மீப்பெரு பொதுக் காரணி என்பது சிறிய எண்ணாக வரும். பெயரில் சிறியது, விடையில் பெரியது! ஆகவே பெயரின் முதல் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டால் வழி தவறும். கடைசிச் சொல்லிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் 'மடங்கு': 8இன் மடங்குகள் 8, 16, 24, 32, 40, 48...; 12இன் மடங்குகள் 12, 24, 36, 48... அடுத்து 'பொது': இரண்டு வரிசையிலும் இருப்பவை 24, 48, 72... இறுதியாக 'மீச்சிறு': அவற்றுள் மிகச் சிறியது 24. பெயரைப் பின்னாலிருந்து படித்தால், செய்ய வேண்டிய வேலை வரிசையாக வந்து நிற்கிறது.

மலாய் மொழியில் இதே பாடத்திற்குக் 'கண்டாஆன் செபுஞா தெர்கெச்சில்' என்று பெயர். கண்டாஆன் என்றால் மடங்கு, செபுஞா என்றால் பொது, தெர்கெச்சில் என்றால் மிகச் சிறியது. மலாய்ப் பெயரை முன்னாலிருந்து படித்தாலும் அதே மூன்று படிகள்தாம். தமிழ்ப்பள்ளியில் பின்னங்களைக் கூட்டும்போது பொதுப் பகுதி எண்ணைத் தேடிப் பழகிய மாணவர், இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் 'ஜி.எஸ்.டி.கே.' என்ற நான்கு எழுத்தைக் கண்டு இது ஏதோ புதிய பாடம் என்று மிரண்டுபோகிறார். புதிய பாடமன்று. தமக்குத் தெரிந்த பொருளுக்கு இன்னொரு மொழியில் பெயர் வந்திருக்கிறது, அவ்வளவே. வார இறுதியில் தம்பி தங்கைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பேரவை நண்பர்கள், சூத்திரத்தை எழுதிப் போடுவதற்கு முன் இந்த இரண்டு பெயர்களையும் அருகருகே எழுதி, சொல்லுக்குச் சொல் கோடிட்டு இணைத்துக் காட்டினால் நல்லது. 2003ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் தமிழ்ப்பள்ளிகளிலும் கணிதம் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டது. அந்தக் காலத்தில் பயின்ற நம் அண்ணன், அக்காமார் பலருக்கு இந்தத் தமிழ்ச் சொல்லே அறிமுகமில்லாமல் போயிற்று.

(இனி மீச்சிறு பொது மடங்கை மீ.சி.ம. என்றும், மீப்பெரு பொதுக் காரணியை மீ.பெ.கா. என்றும் சுருக்கமாகக் குறிப்பிடுவோம். இன்னொன்று: 0 எல்லா எண்களுக்கும் மடங்குதான். அதைச் சேர்த்துக்கொண்டால் எந்த இரண்டு எண்களுக்கும் விடை 0 ஆகிவிடும். ஆகவே மடங்குகளை எண்ணும்போது 0 கணக்கில் வராது.)

வரிசையாக எழுதிப் பார்க்கும் முறை சிறிய எண்களுக்குப் போதும். இரண்டு வரிசை எழுதவும் தேவையில்லை. பெரிய எண்ணின் மடங்குகளை மட்டும் சொல்லிக்கொண்டே போய், ஒவ்வொன்றும் சிறிய எண்ணால் வகுபடுகிறதா என்று பார்த்தால் போதும். 12 வகுபடவில்லை, 24 வகுபடுகிறது, நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் 84, 90 என்று வந்தால்? 90, 180, 270 என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். 14ஆவது மடங்கில்தான் விடை கிடைக்கும். இங்கேதான் எண்ணைப் பிரித்துப் பார்க்கும் முறை கைகொடுக்கிறது.

84 = 2 × 2 × 3 × 7
90 = 2 × 3 × 3 × 5

ஒவ்வோர் எண்ணையும் ஒரு பையாக எண்ணிக்கொள்ளுங்கள். முதல் பையில் இரண்டு 2, ஒரு 3, ஒரு 7. இரண்டாவது பையில் ஒரு 2, இரண்டு 3, ஒரு 5. இந்த இரண்டு பைகளில் எதைக் கேட்டாலும் உள்ளிருந்து எடுத்துக் கொடுக்கக்கூடிய மூன்றாவது பை ஒன்று வேண்டும்; தேவைக்கு மேல் ஒரு பொருளும் அதில் இருக்கக் கூடாது. முதலில் 84இன் பொருள்கள் அனைத்தையும் போட்டுவிடுவோம். இப்போது 90ஐக் கேட்டால் என்ன குறைகிறது? 2 இருக்கிறது. ஒரு 3 இருக்கிறது. இன்னொரு 3உம், ஒரு 5உம் மட்டுமே குறைகின்றன. அவற்றைச் சேர்த்தால் 84 × 15 = 1260. இதுவே மீ.சி.ம.

சற்று நின்று அந்த 15ஐக் கவனியுங்கள். அது எங்கிருந்து வந்தது? 90இன் பையிலிருந்து, 84இன் பையில் ஏற்கனவே இருந்த 2 × 3 என்ற பகுதியை நீக்கிய பிறகு எஞ்சியது. அந்த 2 × 3, அதாவது 6, இரண்டு எண்களின் மீ.பெ.கா. ஆகும். 90 ÷ 6 = 15. எனவே,

மீ.சி.ம. = முதல் எண் × (இரண்டாம் எண் ÷ மீ.பெ.கா.)

மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் சூத்திரம் இதுதான். அது சொல்வது: பொதுவாக இருப்பதை இரண்டு முறை எண்ணாதே. தொடக்கத்தில் 96 என்று சொன்ன மாணவரை இப்போது நினைத்துப் பாருங்கள். 8 × 12 = 96 என்பதும் பொது மடங்குதான்; ஆனால் பொதுவான 4ஐ அவர் இரண்டு முறை எண்ணிவிட்டார். 96 ÷ 4 = 24. ஆக, 4 என்று சொன்னவரும் 96 என்று சொன்னவரும் ஆளுக்குப் பாதி வேலையை முடித்தவர்கள். அவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தால் போதும்!

இரண்டு எண்களையும் அருகருகே எழுதி, கீழே கோடிட்டு, பொதுவான பகா எண்ணால் வகுத்துக்கொண்டே இறங்கும் முறையும் இதேதான். 84, 90 இரண்டையும் 2ஆல் வகுத்தால் 42, 45. 3ஆல் வகுத்தால் 14, 15. அதற்கு மேல் பொது வகுத்தி இல்லை. இடப்பக்கத்தில் இருக்கும் 2 × 3 மட்டும் மீ.பெ.கா.; அதனோடு அடியில் நிற்கும் 14, 15 இரண்டையும் சேர்த்துப் பெருக்கினால் மீ.சி.ம. எதை எங்கே நிறுத்துவது என்று மாணவர்கள் திணறும்போது, பையை நினைவூட்டினால் தெளிந்துவிடுவார்கள்.

ஓர் எச்சரிக்கை. பெருக்கிவிட்டு மீ.பெ.கா.வால் வகுப்பது இரண்டு எண்களுக்கு மட்டுமே பொருந்தும். 4, 6, 10 என்ற மூன்று எண்களை எடுத்துக்கொண்டால், பெருக்கற்பலன் 240, மீ.பெ.கா. 2, வகுத்தால் 120 வருகிறது. உண்மையான மீ.சி.ம. 60. மூன்று எண்கள் வந்தால் இரண்டிரண்டாகச் செல்ல வேண்டும்: 4, 6க்கு 12, பிறகு 12, 10க்கு 60.

பகா எண்ணைத் தேடாமல்

இப்போது 391, 493 என்ற எண்களைப் பார்ப்போம். 2, 3, 5, 7, 11, 13 எதனாலும் இரண்டும் வகுபடமாட்டா. பார்த்தால் பகா எண்கள் போலவே தோன்றும். பாதி மாணவர்கள் இங்கே பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இரண்டையும் பெருக்கி எழுதிவிடலாமா என்று யோசிப்பார்கள்.

கி.மு. 300 வாக்கில் வாழ்ந்த யூக்ளிட் தம் 'மூலங்கள்' நூலின் ஏழாம் பகுதியில் இதற்கு வழி சொல்லியிருக்கிறார். இரண்டு எண்களையும் மீதியின்றி வகுக்கும் எண், அவற்றின் வேறுபாட்டையும் மீதியின்றி வகுத்தே தீரும். ஆகவே பெரிய எண்களை விட்டுவிட்டு மீதிகளைத் துரத்திக்கொண்டு போகலாம்.

493 ஐ 391ஆல் வகுத்தால் மீதி 102.
391 ஐ 102ஆல் வகுத்தால் மீதி 85.
102 ஐ 85ஆல் வகுத்தால் மீதி 17.
85 ஐ 17ஆல் வகுத்தால் மீதி இல்லை.

கடைசியாக வகுத்த 17தான் மீ.பெ.கா. இனி மீ.சி.ம. கண்டுபிடிப்பது ஒரு வரி வேலை: 391 ÷ 17 = 23; 23 × 493 = 11339. முதலில் வகுத்துவிட்டுப் பிறகு பெருக்குங்கள். முதலில் பெருக்கினால் எண் வீணாகப் பெருத்துவிடும். கணினி நிரல் எழுதும் நண்பர்களுக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும்.

நான்கே வகுத்தலில் விடை வந்துவிட்டது. ஒரு பகா எண்ணைக்கூட நாம் தேடவில்லை. இரண்டு எண்களும் நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்டவையாக இருந்தாலும் கணினி இந்த முறையில் நொடிப்பொழுதில் முடித்துவிடும். ஆனால் அத்தகைய ஓர் எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரி என்று கேட்டால், இன்றைய சாதாரணக் கணினிகளுக்கு அதற்குரிய விரைவான வழி எதுவும் அறியப்படவில்லை. 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மேன் மூவரும் உருவாக்கிய ஆர்.எஸ்.ஏ. மறைக்குறியீட்டின் பாதுகாப்பு, காரணிப்படுத்துவதன் இந்தக் கடினத்தைத்தான் நம்பியிருக்கிறது.

நாள்காட்டியில்

தேர்வுத் தாளில் மீ.சி.ம. என்றால் பேருந்துகளும் மணிகளும்தாம். அதைவிடச் சுவையான சான்று நம் அண்டை வீட்டில் இருக்கிறது. சீனர்களின் ஆண்டுக் கணக்கில் பன்னிரண்டு விலங்குகள் உண்டு என்பது நாம் அறிந்ததே. இவற்றை நிலக் கிளைகள் என்பர். இவற்றோடு பத்து வான் தண்டுகளும் சுழல்கின்றன. மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் ஆகிய ஐந்தும் யாங், யின் என இரண்டிரண்டாகப் பிரிந்து பத்தாகின்றன. ஆண்டுதோறும் இரண்டு சக்கரங்களும் ஒவ்வோர் அடி நகர்கின்றன. பத்தையும் பன்னிரண்டையும் இணைத்தால் 120 இணைகள் வர வேண்டும் அல்லவா? வருவதில்லை. 60தான் வருகின்றன. 10, 12 இரண்டிற்கும் 2 என்ற பொதுக் காரணி இருப்பதே காரணம். ஒற்றைப்படைத் தண்டு ஒற்றைப்படைக் கிளையோடு மட்டுமே சேரும். இரட்டை இரட்டையோடு மட்டுமே சேரும். யாங் வகையைச் சேர்ந்த டிராகன் ஆண்டு யின் தண்டோடு ஒருநாளும் சேராது. 1964 மர டிராகன், 1976 நெருப்பு, 1988 மண், 2000 உலோகம், 2012 நீர், 2024இல் மறுபடி மரம். 120 ஆண்டுகளை எதிர்பார்த்திருந்தவருக்கு 60இலேயே சுற்று முடிந்துவிடுகிறது.

நம்முடைய ஆண்டுப் பெயர்களும் பிரபவ முதல் அட்சய வரை 60தான். வியாழன் ஒரு சுற்று வர ஏறக்குறைய 12 ஆண்டு, சனி ஏறக்குறைய 30 ஆண்டு, இவற்றின் மீ.சி.ம. 60 என்று விளக்கம் சொல்வார்கள். இதில் 'ஏறக்குறைய' என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. வியாழனின் சுற்று 11.86 ஆண்டு, சனியின் சுற்று 29.46 ஆண்டு. வானத்துக் கோள்கள் முழு எண்களில் சுற்றுவதில்லை, மீ.சி.ம.வோ முழு எண்களுக்கு உரியது. எப்படியாயினும், 1964ஆம் ஆண்டு மே மாதம் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பிறந்தது தமிழ்க் கணக்கில் குரோதி ஆண்டு, சீனர் கணக்கில் மர டிராகன் ஆண்டு. 2024 மே மாதம் இரண்டும் ஒன்றாகத் திரும்பி வந்தன. அறுபதாம் கல்யாணம் நடத்தும் குடும்பத்திற்கும், அறுபதாம் பிறந்தநாள் விருந்து வைக்கும் பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்திற்கும் அடிப்படையாக இருப்பது இந்த ஒரே எண்.

தென்கிழக்காசியாவிலேயே இன்னும் சில உண்டு. ஜாவா மக்களிடம் ஏழு நாள் வாரத்தோடு, லெகி, பாகிங், போன், வாகே, கிளிவோன் என்ற ஐந்து நாள் சந்தை வாரமும் வழங்குகிறது. இரண்டும் சேர்ந்து அமைவது 35 நாள் சுற்று. பிறந்த நாளை அவர்கள் இந்தச் சுற்றிலும் கணக்கிட்டு 'வெத்தோன்' என்கிறார்கள். 5, 7 ஆகியவற்றிற்கு 1ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாததால், பெருக்கற்பலனே மீ.சி.ம. ஆகிவிடுகிறது. இத்தகைய எண்களைச் சார்பகா எண்கள் என்பர். பாலித் தீவில் 5, 6, 7 நாள் வாரங்கள் கூடி 210 நாள் சுற்று அமைகிறது. அங்கே ஒன்பது நாள் வாரமும் உண்டு. ஆனால் 210ஐ 9ஆல் வகுத்தால் மூன்று மீதி. 630 நாள் காத்திருக்க மனமில்லாமல், சுற்றின் தொடக்கத்தில் முதல் நாளின் பெயரையே நான்கு நாளுக்கு வைத்து மீதியைச் சரிக்கட்டிவிடுகிறார்கள்!

நம் மிருதங்கக் கலைஞர்கள் செய்வதும் இதுவே. ஆதி தாளத்தில் எட்டு அட்சரம்; சதுஸ்ர நடையில் ஓர் ஆவர்த்தனத்திற்கு 32 மாத்திரை. 'தகதகிட' என்ற ஐந்து மாத்திரைச் சொல்லை இடைவிடாமல் வாசித்தால், அது மறுபடி சமத்தில் வந்து விழ 160 மாத்திரை, அதாவது ஐந்து ஆவர்த்தனம் வேண்டும். ஆறு மாத்திரைச் சொல்லாக இருந்தால் 96 மாத்திரை, மூன்றே ஆவர்த்தனம். ஒரே ஆவர்த்தனத்தில் முடிக்க வேண்டுமானால் 'தகதகிட' ஆறு முறை, மீதி இரண்டு மாத்திரைக்கு 'தக' என்று வைக்க வேண்டும். கலைவிழா ஒத்திகையில் 'கணக்கு உதைக்கிறது' என்று அவர்கள் சொல்லிக்கொள்வது வெறும் பேச்சு வழக்கன்று.

இதுவரை கண்டவற்றில் சுற்று சீக்கிரம் முடிவதையே விரும்பினோம். பொறியியல் துறை நண்பர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். 20 பற்கள் கொண்ட சக்கரம் 40 பற்கள் கொண்ட சக்கரத்தோடு சுழன்றால், சிறிய சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் எப்போதும் அதே இரண்டு பற்களோடுதான் மோதும். ஒரு பல்லில் பழுது இருந்தால் அதன் இணைப்பற்கள் மட்டும் தேய்ந்துகொண்டே போகும். பெரிய சக்கரத்திற்கு 41 பற்கள் வைத்தால் மீ.சி.ம. 820 ஆகிறது. ஒவ்வொரு பல்லும் எதிர்ச்சக்கரத்தின் எல்லாப் பற்களையும் சந்தித்த பிறகே பழைய இணைக்குத் திரும்பும், தேய்மானம் பரவலாகிறது.

ஒன்றாகப் புறப்படாவிட்டால்?

பாடநூல் கணக்குகளில் தவறாமல் ஒரு தொடர் இருக்கும்: 'இரண்டு பேருந்துகளும் காலை 6.00 மணிக்கு ஒன்றாகப் புறப்பட்டன.' பலர் இதை அலங்காரமாக எண்ணி வேகமாகப் படித்துவிடுகிறோம். கணக்கே அதில்தான் நிற்கிறது. ஒரு தடத்தில் 12 நிமிடத்திற்கு ஒரு பேருந்து, மற்றொரு தடத்தில் 18 நிமிடத்திற்கு ஒரு பேருந்து புறப்படுவதாகக் கொள்வோம். இரண்டு தடங்களின் முதல் பேருந்துகளும் 6.00க்குக் கிளம்பினால், 36 நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டு பேருந்துகள் ஒன்றாகக் கிளம்பும். இரண்டாவது தடம் 6.06க்குத் தொடங்கினால்? முதல் தடத்தில் 6.00, 6.12, 6.24, இரண்டாவதில் 6.06, 6.24. சந்தித்துவிட்டன, அதன் பிறகு 36 நிமிடத்திற்கு ஒருமுறை சந்திக்கும். சரி, 6.03க்குத் தொடங்கினால்? 6.03, 6.21, 6.39, 6.57, 7.15... முதல் தடத்திலோ 6.12, 6.24, 6.36, 6.48, 7.00, 7.12... நாள் முழுவதும் ஓடினாலும் சந்திக்கமாட்டா. 12, 18 இரண்டும் 6இன் மடங்குகள். தொடக்கத்தில் இருக்கும் இடைவெளியும் 6ஆல் வகுபட்டால்தான் சந்திப்பு உண்டு. சந்திப்பு உண்டா இல்லையா என்பதை மீ.பெ.கா. சொல்கிறது, உண்டென்றால் எத்தனை நிமிடத்திற்கு ஒருமுறை என்பதை மீ.சி.ம. சொல்கிறது.

முதல் சந்திப்பு எப்போது என்பதைக் கண்டுபிடிக்கும் பொதுவான முறையை 499ஆம் ஆண்டில் ஆரியபட்டர் தம் ஆரியபட்டீயத்தில் தந்திருக்கிறார். அதற்குக் குட்டகம் என்று பெயர். இடித்துப் பொடியாக்குதல் என்பது பொருள். கோள்களின் சுற்றுக் கணக்குகளுக்குப் பயன்பட்ட அந்த முறையிலும், 391, 493க்கு நாம் செய்ததுபோல, பெரிய எண்களை மாற்றி மாற்றி வகுத்து மீதிகளைச் சிறிதாக்கிக்கொண்டே போவார்கள்.

இதைக் கொண்டு ஒரு கேள்விக்கு விடை காணலாம். சீனர்களின் 60 ஆண்டுச் சுற்று 1984இல் புதிதாகத் தொடங்கியது. நம் பிரபவ ஆண்டு 1987இல் பிறந்தது. இரண்டு சுற்றும் என்றாவது ஒரே ஆண்டில் தொடங்குமா? இரண்டும் 60, மீ.பெ.கா.வும் 60. தொடக்கத்தில் இருக்கும் இடைவெளி 3. அது 60ஆல் வகுபடாது. 2044இல் அவர்களுடையது, 2047இல் நம்முடையது, 2104, 2107, அந்த மூன்று ஆண்டு அப்படியே இருக்கும்.